கடை மூடியாச்சு, கம்ப்யூட்டரை எப்படிக் கைமாற்றுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருந்தேன். கடையை மூடிவிட்டதால் நான்கு டெஸ்க்டாப்புகளையும் கொருக்குப்பேட்டையில் டியூஷன் எடுக்கும் ஓர் அக்காவுக்கு விற்கப்போகிறேன். ஒரு மெஷினில் விண்டோஸ் போட்டு, அந்த டிஸ்க்கையே மற்ற மூன்றுக்கும் குளோன் (அப்படியே நகல்) செய்திருந்தோம். ஃபைல்களை டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். “சிஸ்ப்ரெப் ஓட்டினால் புது மெஷின் மாதிரி ஆகிடும்ணா” என்கிறான் சர்வீஸ் தம்பி. அது போதுமா?

பதில்: போதாது. குளோன் செய்த மெஷின்கள் எல்லாம் ஒரே பெயரோடும் ஒரே பாதுகாப்பு அடையாள எண்ணோடும் திரியும். விண்டோஸோடு வரும் சிஸ்ப்ரெப் என்ற கருவி அதைக் களைந்து, அடுத்து ஆன் செய்பவரிடம் மொழியும் பெயரும் கேட்கும் முதல் திரையில் கொண்டுபோய் நிறுத்தும். அதோடு அதன் வேலை முடிந்தது. யூசர் ஃபோல்டரில் இருப்பதை அது தொடாது.

உங்கள் கடையில் ஆபத்தே அங்கேதான். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார், மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்திருக்கும். டெலிட் செய்தால் விண்டோஸ் அந்த இடத்தைக் ‘காலி’ என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்கில் அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை, ரெக்குவா மாதிரி இலவச மென்பொருளே அதைத் தோண்டி எடுத்துவிடும். டிஸ்க்கை ஓர் இடம் விடாமல் முழுதாகக் குளோன் செய்திருந்தால், முதல் மெஷினில் அழித்தவைகூட மற்ற மூன்றிலும் கிடக்கும்.

முதலில் குரோமிலிருந்து வெளியேறுங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலில் இந்த நான்கையும் நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் ரெக்கவரி, ‘ரீசெட் திஸ் பிசி’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’. இங்கேதான் பலர் அவசரப்பட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிடுகிறார்கள். ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ உள்ளே போனால் இரண்டு பொத்தான்கள் தெரியும்: அழித்த இடத்தின்மேல் வேறு எழுதி மூடும் ‘கிளீன் டேட்டா’, எல்லா டிரைவிலும் அழிப்பது. இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதை விட்டால் டி டிரைவ் அப்படியே போய்ச் சேரும். கடைக்காரர்கள் எல்லாம் சேமித்து வைப்பதே அதில்தான். ஹார்டு டிஸ்க்காக இருந்தால் பல மணி நேரம் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் மேலே எழுதி அழிப்பதை முழுதாக நம்ப முடியாது. அதைத் தயாரித்த கம்பெனியின் டூலில் ‘செக்யூர் எரேஸ்’ செய்து, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

ரீசெட் முடிந்தால் பெயரும் அடையாள எண்ணும் தானாகவே புதிதாகிவிடும், சிஸ்ப்ரெப் தேவைப்படாது. நான்கிலும் ஒரே மென்பொருள் வேண்டும் என்று அந்த அக்கா கேட்டால்தான் அதற்கு வேலை. துடைத்த ஒரு மெஷினில் எல்லாம் போட்டு, அடையாள எண்ணைக் களையும் ‘ஜெனரலைஸ்’ டிக் செய்து சிஸ்ப்ரெப் ஓட்டி ஷட்டவுன் செய்யுங்கள். திரும்ப ஆன் செய்வதற்கு முன்பே குளோன் எடுக்க வேண்டும். நீங்கள் குளோனை மட்டும் எடுத்து, இந்தப் படியை விட்டுவிட்டீர்கள்.

அடுத்தது லைசென்ஸ். ரீசெட் போடும் முன்பே ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். ‘ஆர்கனைசேஷன் ஆக்டிவேஷன் சர்வீஸ்’ மூலம் ஆக்டிவேட் ஆனது என்று இருந்தால், ஜெராக்ஸ் கடைக்கு ஏது ஆர்கனைசேஷன்? அது கிராக், அதாவது திருட்டு விண்டோஸ். அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்காதீர்கள். விண்டோஸ் இல்லாத விலைக்குக் கொடுங்கள். பிராண்டட் மெஷினோடு வந்த விண்டோஸ் என்றால் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டுண்டது, நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் கிட்டத்தட்ட எதுவும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. இதையும் சொல்லித்தான் விலை பேச வேண்டும்.

பயாஸ் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் செட்டிங்ஸ்) பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். தேதி பின்னோக்கி ஓடினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள், இல்லையேல் பாதி வெப்சைட் திறக்காது. நான்கின் சீரியல் நம்பரும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: வியாசர்பாடி கடை ஒன்றில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், நெட் கொடுத்ததும் ஏதோ கம்பெனி பெயர் காட்டி ஆபீஸ் இமெயில் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த லேப்டாப் இன்னும் அந்த கம்பெனியின் ஆட்டோபைலட் பதிவில் (கம்பெனிகள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டிடம் பதிந்துவைக்கும் முறை) இருக்கிறது. எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் போகாது. பதிவு இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்வரில். அந்த கம்பெனியின் ஐ.டி. ஆட்கள்தான் நீக்க முடியும். நெட் இல்லாமல் தாண்டிக் காட்டுகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள், அடுத்த ரீசெட்டில் திரும்ப வந்து நிற்கும். பில்லோடு கடைக்குப் போய் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.