அண்ணன் சிகிச்சைக்கு வர மறுக்கிறார், என்ன செய்வது?

மனச்சிதைவு உள்ள அண்ணன் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சிகிச்சையை மறுக்கிறார், என்ன செய்வது என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அது பிடிவாதம் இல்லைங்க. நோய் இருப்பதே தெரியாமல் போவதும் இந்த நோயின் ஒரு கூறுதான். அதனால் வாதாடாதீர்கள். எங்கள் சித்தப்பா, சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுவார். சித்தி அதே தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தூக்கமில்லாம கண்ணு எரியுதுல்ல, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்ப்போமா?" என்பார். நாலாவது நாள்தான் சித்தப்பா கிளம்பச் செருப்பை மாட்டினார்.

முதலில் நீங்கள் மட்டும் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்ப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரையைக் குழம்பில் கலக்காதீர்கள். தெரிந்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். தினசரி மாத்திரை சிரமமென்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள்.

தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி, அவர் நியமித்த பிரதிநிதி, அப்படி யாரும் இல்லையென்றால் உறவினர் விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால், 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். உடனடி ஆபத்துக்கு 112.

யார் சொன்னாலும் சங்கிலி மட்டும் வேண்டாம், சட்டமே தடுக்கிறது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள், கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல்.