பொங்கலும் கிறிஸ்துமஸும் நிலையாக வர, தீபாவளியும் ஈஸ்டரும் மட்டும் ஏன் இடம் மாறுகின்றன? முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

கேட்டவர் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாக் குழுவில் இருக்கிறார். தமிழர், கன்னடர், வட இந்தியர், கிறிஸ்தவர் எல்லோரும் உள்ள குடியிருப்பு. மண்டபத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கியாக வேண்டும். தேதிகளோ ஒவ்வொரு வருடமும் நகர்கின்றன, அதுவும் ஒரே பண்டிகைக்கு இரண்டு வீட்டில் இரண்டு தேதி சொல்கிறார்கள் என்பது அவர் சிக்கல்.

இதை இந்துப் பண்டிகை, கிறிஸ்தவப் பண்டிகை என்று பிரித்துப் பார்த்தால் பிடிபடாது. சூரியனை மட்டும் பார்த்து வருபவை, சூரியன் சந்திரன் இரண்டையும் பார்த்து வருபவை என்று பிரித்தால் உடனே புரியும். பொங்கலும் கிறிஸ்துமஸும் முதல் வகை. தீபாவளியும் ஈஸ்டரும் இரண்டாம் வகை, இரண்டும் நகர்வதற்குக் காரணமும் ஒன்றுதான்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைச்சல். தீபாவளித் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இதே போக்கில் போனால் 2026-ல் அக்டோபர் 9-ஐ ஒட்டி வர வேண்டும். ஆனால் வருவது நவம்பர் 8. அந்த ஆண்டு மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக மாதம் ஒன்று நுழைந்துவிடுகிறது. தமிழ்க் கணக்கில் அதிக மாதம் என்ற பேச்சே தேவையில்லை. தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி. அக்டோபர் 9 என்றால் இன்னும் புரட்டாசிதான், எனவே அடுத்த தேய்பிறைக்குக் காத்திருக்கிறோம். இரு வழியிலும் விடை ஒன்றே.

பத்தொன்பது சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறையச் சமம். அதாவது 19 ஆண்டில் ஏழு மாதம் கூடுதலாகச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். 2007-ல் தமிழ்நாட்டுத் தீபாவளி நவம்பர் 8, 19 ஆண்டு கழித்து 2026-லும் நவம்பர் 8. எப்போதும் இவ்வளவு துல்லியமாக அமையாது, ஒரு நாள் முன்பின் ஆகும். யூதர்களின் நாட்காட்டியும் 19 ஆண்டுக்கு ஏழு மாதம் சேர்க்கிறது. ஈஸ்டரைக் கணிக்கச் சபை வைத்திருக்கும் அட்டவணைக்கும் இதே 19 ஆண்டுச் சுற்றுதான் அடிப்படை.

ஈஸ்டருக்கு வருவோம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி. பாஸ்கா நிசான் மாதப் பௌர்ணமியில் வரும் விழா. அதனால் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரும் பௌர்ணமியோடு பிணைந்துவிட்டது. யார் எந்த ஞாயிறைக் கொண்டாடுவது என்ற சண்டை வளர்ந்து, 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்றது. பின்னாளில் நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடு, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அதற்கடுத்த ஞாயிறு. ஆகவே ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது.

நம் வீட்டு நாட்காட்டியில் அந்தப் பௌர்ணமி எது என்று பாருங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அது பங்குனிப் பௌர்ணமி, அதாவது பங்குனி உத்திரத்தை ஒட்டிய முழுநிலவு. 2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, புனித வெள்ளி 29, ஈஸ்டர் 31. 2026-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 1, புனித வெள்ளி 3, ஈஸ்டர் 5. பழனிக்குக் காவடி எடுப்பவரும் சிலுவைப் பாதையில் நடப்பவரும் ஒரே நிலவின் கீழ்தான் நடக்கிறார்கள். தமிழ்த் தினசரி காலண்டர் கையில் இருந்தால், பங்குனி மாதத்தில் முழுநிலவு எந்தத் தாளில் என்று பார்த்து அடுத்த ஞாயிறைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தவறும் இடமும் உண்டு. சபை பார்ப்பது வானத்து நிலவை அல்ல, அட்டவணை நிலவை. 2019-ல் வானக் கணக்கின்படி சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்த சில மணி நேரத்துக்குள் பௌர்ணமி வந்துவிட்டது. இந்திய நேரப்படி மார்ச் 21 காலை. அந்த நாள்தான் பங்குனி உத்திரமும். வானத்தைப் பார்த்தால் ஈஸ்டர் மார்ச் 24 ஆகியிருக்க வேண்டும். அட்டவணையோ அந்தப் பௌர்ணமியை மார்ச் 20 என்று காட்டியது. 21-க்கு ஒரு நாள் முந்திவிட்டதால் ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் 21 ஈஸ்டர் ஆனது. அந்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 19. மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கியதும் அன்றுதான். எனவே பங்குனிப் பௌர்ணமி மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வரும் ஆண்டில் மட்டும் உங்கள் கணக்கை நம்பாமல் பங்குக் கோயில் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

ஈஸ்டர் தெரிந்தால் மற்றவை தாமாக வந்துவிடும். 46 நாள் முன்னால், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். தவக்காலம் 40 நாள் என்பார்கள், இடையில் வரும் ஆறு ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் சேராததால் 46. ஒரு வாரம் முன் குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் ஐம்பதாம் நாள் தூய ஆவி பெருவிழா. பௌர்ணமியிலிருந்து ஒன்றரை மாதம் பின்னோக்கிப் போனால் அமாவாசை வரும் என்பதால், திருநீற்றுப் புதன் பல ஆண்டுகளில் மகா சிவராத்திரியை ஒட்டி அமைகிறது. 2026-ல் சிவராத்திரி பிப்ரவரி 15, திருநீற்றுப் புதன் 18.

விழாக் குழு இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. உகாதி பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழும். உகாதிக்கு மறுநாள் கன்னடர் பலர் வீட்டில் ஹொசதொடகு, அசைவ விருந்து. 2026-ல் உகாதி மார்ச் 19 வியாழன், ஹொசதொடகு வெள்ளி. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி தொடமாட்டார்கள். பொது விருந்தை அன்று வைத்தால் ஒரு பகுதிக் குடும்பங்கள் வராமலே போகும். சனிக்கிழமைக்குத் தள்ளினால் இரு தரப்புக்கும் நல்லது.

இனி, ஒரே பெயரில் இரண்டு தேதி வரும் குழப்பம். பெங்களூரில் இது அதிகம், ஏனென்றால் தமிழர் மாதம் சூரியன் ராசி மாறுவதைப் பார்த்துத் தொடங்குகிறது, கன்னடர் மாதம் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் கரகம் சைத்ர பௌர்ணமி இரவில் புறப்படும். 2025-ல் அது ஏப்ரல் 12 இரவு. விடிந்தால் 13-ம் தேதி, குருத்தோலை ஞாயிறு. ஆனால் தமிழரின் சித்ரா பௌர்ணமி அந்த ஆண்டு மே 12. சித்திரை பிறப்பதே ஏப்ரல் 14 என்பதால் கரகத்துப் பௌர்ணமி நமக்கு இன்னும் பங்குனிதான். கார்த்திகையும் அப்படியே. பசவனகுடியில் கடலேகாய் பரிசே என்ற நிலக்கடலைத் திருவிழா கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்கள், 2025-ல் நவம்பர் 17. அன்றுதான் தமிழ்க் கார்த்திகை முதல் தேதி. திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 3. கோகுலாஷ்டமியில் இந்த வேறுபாடு கோயிலுக்குக் கோயில் தெரியும். 2025-ல் பொதுவாக ஆகஸ்ட் 16-ல் கொண்டாடினார்கள். சூரிய மாதத்தையும் ரோகிணியையும் பார்க்கும் உடுப்பியில் செப்டம்பர் 14. யாரும் தவறாகச் சொல்லவில்லை. "எந்தக் கணக்கு?" என்று கேட்டுக்கொண்டு தேதியை எழுதுங்கள்.

மாதம் ஒத்துப்போனாலும் நாள் மாறக்கூடும். திதி என்பது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் நேரம். அது சுமார் 20 மணி முதல் கிட்டத்தட்ட 27 மணி வரை நீளும், குறையும், நம் விடியலோடு சேர்ந்து தொடங்காது. ஆகவே ஒவ்வொரு பண்டிகைக்கும் திதி எந்த வேளையில் இருக்க வேண்டும் என்று தனி விதி உண்டு. தமிழ்த் தீபாவளிக்கு விடியலில் சதுர்த்தசி வேண்டும், எண்ணெய்க் குளியலே அதற்காகத்தான். வட இந்தியரின் லட்சுமி பூஜைக்கு அந்தியில் அமாவாசை வேண்டும். விநாயகர் சதுர்த்திக்கும் ராம நவமிக்கும் நண்பகல், சிவராத்திரிக்கு நள்ளிரவு, உகாதிக்குச் சூரியோதயம். 2026 நவம்பர் 8-ல் விடியலில் சதுர்த்தசி, அந்தியில் அமாவாசை. இரு தரப்புக்கும் ஒரே நாள், அது ஞாயிறும்கூட. அதே ஆண்டு உகாதியில் பிரதமை 19-ம் தேதி சூரியன் உதித்த பிறகு தொடங்கி 20-ம் தேதி உதிக்குமுன் முடிந்துவிடுகிறது, எந்த உதயத்தையும் தொடுவதில்லை. அப்படி வந்தால் தொடங்கிய நாளையே கொள்வது வழக்கம்.

2023-ல் விநாயகர் சதுர்த்தி கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் செப்டம்பர் 18, மும்பையில் 19. சதுர்த்தித் திதி 18-ம் தேதி நண்பகலை ஒட்டித் தொடங்கி 19-ம் தேதி பிற்பகல் வரை இருந்ததால் இரண்டு நாளுக்கும் நியாயம் இருந்தது. மும்பை உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் வாழ்த்தைப் பார்த்துப் பிள்ளையார் சிலைக்கு ஆர்டர் கொடுத்தால் இங்கேதான் இடறும். உள்ளூர்ப் பஞ்சாங்கமே கணக்கு.

அச்சுப் பஞ்சாங்கத்தைப் படிப்பதில் பலர் செய்யும் பிழை ஒன்று. "சதுர்த்தி 20.15" என்று போட்டிருந்தால் அது இரவு எட்டே கால் அல்ல. சூரியோதயத்திலிருந்து 20 நாழிகை 15 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம், எனவே 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். ஒரு நாழிகைக்கு 60 விநாடி, அந்த 15 விநாடி நம் கடிகாரத்தில் 6 நிமிடம். உதயம் 6.10 என்றால் திதி முடிவது பிற்பகல் 2.16. உதய நேரம் சென்னைக்குப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெங்களூரில் சூரியன் சுமார் 11 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேதி மாறும் அளவுக்கு அது வருவது அபூர்வம், பூஜை நேரத்துக்கு மட்டும் முக்கியம்.

நிலையாக வருபவை பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்பதற்கு ரோமில் 4-ம் நூற்றாண்டிலேயே சான்று இருக்கிறது. ரோமர்களின் சூரிய விழாவை ஒட்டி வந்தது என்பது ஒரு விளக்கம். மார்ச் 25-ல் கருவுற்றார், அதிலிருந்து ஒன்பது மாதம் என்பது மற்றொன்று. இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் சபையின் மற்ற தேதிகளும் இதே கணக்கில் ஓடுகின்றன. திருமுழுக்கு யோவான் பிறப்பு ஆறு மாதம் முன்னால் ஜூன் 24. மரியன்னை பிறப்பு செப்டம்பர் 8, அதற்கு ஒன்பது மாதம் முன்னே போய் டிசம்பர் 8-ல் அமல உற்பவம், அதாவது மரியன்னை பாவமின்றிக் கருவான விழா.

அந்த செப்டம்பர் 8 சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தின் பெருவிழா. ஆகஸ்ட் 29-ல் கொடியேற்றம், பிறகு நவநாள் எனும் ஒன்பது நாள் செபம். தேதி அசையாது, ஆனால் சதுர்த்தி அதன் மேல் வந்து விழும். 2024-ல் சதுர்த்தி 7-ம் தேதி சனி, தேர்த் திருவிழா 8-ம் தேதி ஞாயிறு. சிலையைக் கரைக்க அல்சூர் ஏரிக்கு வண்டி எடுப்பவர்கள் இப்படிப்பட்ட ஆண்டில் சிவாஜிநகர் வழியைத் தவிர்த்துப் போக வேண்டும்.

பொங்கலும் முற்றிலும் நிலையானது அல்ல, மிக மெதுவாக நகர்கிறது. நாம் சூரியனை நட்சத்திரப் பின்னணியில் பார்க்கிறோம். அந்த ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம். ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டு அதைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவு. ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அது 14 அல்லது 15. இந்த 14, 15 ஊசலுக்குக் காரணம் வேறு. சங்கராந்தி நேரம் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போய், லீப் ஆண்டில் திரும்ப இழுக்கப்படுகிறது. சூரிய அஸ்தமனத்துக்கு முன் சங்கராந்தி வந்தால் அன்றே தை முதல் நாள், பின்னால் வந்தால் மறுநாள்.

மண்டபத்துக்கு: நிலையான நாட்களை முதலில் நிரப்புங்கள். பிறகு பங்குனிப் பௌர்ணமியைக் குறித்து ஈஸ்டர், திருநீற்றுப் புதன், உகாதி மூன்றையும் எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஆண்டுத் தேதியில் 11 நாள் கழியுங்கள், அக்டோபர் 17-க்கு முன் போய்விட்டால் 30 நாள் கூட்டுங்கள். ஒரு நாள் பிசகினாலும் மாதம் பிசகாது. பஞ்சாங்கம் வந்ததும் வேளை விதியை வைத்து நாளை உறுதிசெய்துகொள்ளலாம். ஊருக்குப் போகிறவர்களுக்கு ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கும் என்பதால், தேதியை அதற்குள் குழுவில் அறிவித்துவிடுங்கள். 2026 தீபாவளிக்கு அது செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும், சதுர்த்தி வேலையில் எல்லோரும் மறந்துவிடுகிற நேரம்.