டர்பன் தமிழர்: வேர் தேடுவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஊர் தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: வீட்டுப் பெட்டியில் தொடங்குங்கள். பழைய திருமண, இறப்புப் பத்திரங்களில் பெயரோடு ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அதுதான் காலனி எண். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பதிந்தது அந்த எண்ணில்தான். எண் கிடைத்தால் கப்பல் பதிவேட்டில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் வந்துவிடும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: எண் இல்லை. நாயுடு என்று தேடினால் ஆளையே காணோமே?

பதில்: வராது தம்பி. பதிவேட்டில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் பிறகு ஒட்டியது; சில வீட்டில் சாதிப்பட்டம், சில வீட்டில் தகப்பன் பெயர். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்: முனுசாமி, முன்சாமி, மூனிசாமி மூன்றையும் தேடுங்கள். வயதும் உத்தேசம்தான், ஐந்து வருடம் முன்பின் விடுங்கள். முனுசாமிகள் ஏராளம் என்பதால் தகப்பன் பெயர் பொருந்தாமல் யாரையும் தாத்தா ஆக்கிவிடாதீர்கள். ஒன்றாகக் கப்பலேறிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள். பாட்டி பெயர் அபூர்வமானதென்றால் அவரைப் பிடிப்பதே சுலபம்.

கேள்வி: 'வட ஆற்காடு' என்றிருக்கிறது. வேலூரில் தேடலாமா?

பதில்: வேலூர் மட்டும் போதாது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பல பகுதிகளும் பழைய வட ஆற்காடுதான். சித்தூர் 1911-இல்தான் பிரிந்து தனி ஜில்லா ஆனது. ஆகவே உங்கள் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். தாலுகாவை முதலில் உறுதிசெய்யுங்கள். 'மெட்ராஸ்' என்று மட்டும் குடும்பக் கதை சொன்னால் அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம்.

கேள்வி: தோட்டத்து ஆட்கள் டர்பன் நகரத்துக்கு எப்படி வந்தார்கள்?

பதில்: ஒப்பந்தம் ஐந்து வருடம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். முடிந்தவர்கள் டர்பனின் கேட்டோ மேனர் பக்கம் காய்கறி போட்டார்கள், ரயில்வேயிலும் நகராட்சியிலும் சேர்ந்தார்கள்; நகராட்சி ஆட்கள் குடியிருந்தது மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில். ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் தங்குவோருக்கு 1895 சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. பத்து ஷில்லிங் வாங்கியவருக்கு அது ஆறு மாதச் சம்பளம்! 1914-இல் ஒழிந்தது. வரிக்குப் பயந்து மறுபடி கையெழுத்திட்டவர் பலர், அதனால் ஒரே ஆள் இரண்டு முதலாளிகளிடம் தென்பட்டால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் கேட்டோ மேனர் முகவரி இன்று இல்லையே?

பதில்: காரணம், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம். குடும்பங்களை இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். பழைய தெருவைத் தேடி அலையாமல், அங்கே மிஞ்சியிருக்கும் கோயில்களில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் சொந்தக் காசில் வந்த வியாபாரி.

பதில்: அவருக்குக் காலனி எண்ணே கிடையாது. கடை உரிமம், சொத்துப் பத்திரம், மரண சாசனம் பாருங்கள்.