மூன்றரை வயதுக்கு 'மூளை வளர்ச்சி' வகுப்பு தேவையா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்கு ஒன்றரை. நான் வேலைக்குப் போகவில்லை. கணவர் சம்பளம் மட்டும்தான். பக்கத்தில் 'மூளை வளர்ச்சி' வகுப்பு என்று மாதம் 2,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்காவிட்டால் பையன் பின்தங்கிவிடுவானா? வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: பின்தங்க மாட்டான். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இந்த வயதில் வேண்டியது பேச்சுத்துணை, கைக்கு வேலை, ஓடியாட இடம். இதில் பேச்சுத்துணைதான் முதலில். குழந்தை ஒன்றைக் காட்ட, அதைப் பற்றி நீங்கள் சொல்ல, அது பதில் சொல்லும்வரை காத்திருந்து இன்னொன்று கேட்க... இப்படி நாள் முழுக்க நடந்தால் மொழி தானாக வளரும்.

கைவேலைக்குச் சமையலறையே போதும். பையனிடம் இட்லித் தட்டையும் ஒரு கை புளியங்கொட்டையையும் கொடுத்து, குழிக்கு மூன்றாகப் போடச் சொல்லுங்கள். எண்ணவும் வரும், விரல் பிடிப்பும் பலப்படும்; பிற்பாடு பென்சில் பிடிக்க உதவுவது அந்தப் பிடிப்புதான். ஆனால் இது மகள் தூங்கும்போது மட்டும். மூன்று வயதுக்குள் கொட்டை, பொத்தான், பாசிமணி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சடைத்துவிடும். அவளுக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்களையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களையும் கொடுங்கள்.

களிமண்ணுக்குப் பதில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை போதும். கெடாமல் இருக்க உப்பை அள்ளிப் போட்டுப் பிசையச் சொல்வார்கள், வேண்டாம். ஒன்றரை வயதுக்காரி வாயில்தான் போடுவாள், அவ்வளவு உப்பு ஆபத்து. டம்ளரிலிருந்து டபராவுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இருவருக்குமே நல்ல விளையாட்டு. நீங்கள் கூடவே உட்கார்ந்திருங்கள். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள்.

நேற்று விளையாடியதையே இன்றும் கேட்டால் கொடுங்கள். தினம் புதிதாக யோசித்து அலுக்க வேண்டாம், திரும்பத் திரும்பச் செய்துதான் குழந்தைகள் கற்கிறார்கள்.

அப்புறம், ஓட்டம். ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளெல்லாம் சேர்த்து குறைந்தது 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வாசலில் கோலமாவால் பெரிய புள்ளிகள் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவச் சொல்லுங்கள். மொபைல் மகளுக்கு வேண்டவே வேண்டாம். மகனுக்கு ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

புத்தகத்துக்கும் செலவில்லை. 2023-இல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். நாலைந்தை அச்செடுத்துத் தைத்துவிட்டால் பையன் கையிலேயே வைத்துக்கொள்வான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் தெரு அங்கன்வாடியை ஒருமுறை போய்ப் பாருங்கள். 'அது நமக்கில்லை' என்று பலர் ஒதுக்குவது எனக்கு வருத்தம். மூன்றரை வயதுப் பையனுக்குப் பாட்டு, விளையாட்டு, மதிய உணவு, சம வயதுத் தோழர்கள் எல்லாம் அங்கே காசில்லாமல் கிடைக்கும். இடம் சுத்தமாக இருக்கிறதா, பணியாளர் குழந்தைகளோடு பேசி விளையாடுகிறாரா என்று கவனித்துவிட்டுச் சேருங்கள்.

நாள் முழுக்க இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தால் உங்களுக்கும் களைப்பு வரும். தெருவில் நம்பிக்கையான இன்னொரு அம்மாவிடம் பேசிப் பாருங்கள்: வாரத்தில் ஒரு மாலை உங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும், இன்னொரு மாலை அவர் வீட்டில். அவர் முறை வரும் மாலையில் நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்.