கேள்வி – பதில்: மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்)

கேள்வி: எலுமிச்சைக்குப் போர்டோ கலவை தெளித்தேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மயில்துத்தத்தில் கலப்படம் இருக்குமோ?
– வாசகர், புளியங்குடி

பதில்: எனக்குச் சந்தேகம் துத்தத்தோடு கலக்கும் சுண்ணாம்பின் மேல்தான். பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்துவைப்பார்கள். அந்தக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் அண்டாததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியலாளர், 1885இல் அதையே பயிர் மருந்தாக அறிவித்தார். தாமிரத்தைக் கரையாதபடி கட்டிவைப்பது சுண்ணாம்பின் வேலை. அது குறைந்தால், கட்டுப்படாத தாமிரம் இலையைச் சுட்டுவிடும். மூட்டை பிரித்து நாள்பட்ட சுண்ணாம்பு காற்றுப்பட்டு வீரியம் இழந்திருக்கும்; எடை சரியாக இருந்தும் பயனில்லை.

ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். புதிய சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை நீற்றி, நன்றாக ஆறவிட்டு, இன்னொரு 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். சூட்டோடு கலந்தால் கலவை கறுத்துவிடும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. மாற்றினால் துகள் பருத்து அடியில் தங்கும், தெளிப்பான் மூக்கும் அடைபடும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே சரி. இரும்பு வாளியைத் துத்தம் அரித்துவிடும்.

அதே குணத்தை வைத்துத்தான் சோதனையும். துடைத்த கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். செம்பு நிறம் படிந்தால், படியாத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துவிடுங்கள். இலை காயாத ஈரமான நாளில் தெளித்தால் நல்ல கலவையும் கருக்கும்.

கேள்வி: ரத்த தானம் செய்யப் போனேன். விரலில் எடுத்த துளியை நீலத் தண்ணீரில் விட்டார்கள். மிதந்ததாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என்ன கணக்கு?
– வாசகி, திருவாரூர்

பதில்: அதுவும் மயில்துத்தக் கரைசல்தான், ஒப்படர்த்தி 1.053, அதாவது தண்ணீரைப் போல் 1.053 மடங்கு கனம். ஹீமோகுளோபின் கூடினால் ரத்தம் கனக்கும்; 100 மி.லி.க்கு 12.5 கிராமுக்குக் குறையாத துளி 15 விநாடிக்குள் மூழ்கும். துளியைச் சுற்றித் தாமிரமும் புரதமும் சேர்ந்து உறை கட்டுவதால் அதுவரை கரையாது. ஆனால் துளிக்குள் காற்றுக் குமிழி இருந்தால் நல்ல ரத்தமும் மிதக்கும். புரதம் மிகுந்த ரத்தம் ஹீமோகுளோபின் குறைந்திருந்தும் மூழ்கிவிடும். ஆய்வகத்தில் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விஷம் குடித்தவருக்குத் துரிசுத் (மயில்துத்தத்) தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பார்களாமே?
– வாசகர், மேலூர்

பதில்: கொடுத்தார்கள், ஆங்கில மருத்துவர்களும்தான். வாந்தி வராமல் உள்ளே தங்கினால் துரிசே விஷம்: ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். அதனால்தான் கைவிட்டார்கள். வீட்டில் எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல், குடித்த புட்டியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.