கண் நார்மல், ஆனாலும் பார்ப்பதில்லை: சி.வி.ஐ. கேள்வி பதில்

கேள்வி: குழந்தை சரியாகப் பார்ப்பதில்லை. கண் டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார், எம்.ஆர்.ஐ. பார்த்தவர் மூளையில் பாதிப்பு என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும்தான். சி.வி.ஐ. என்றால் மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு. கண் தன் வேலையைச் செய்துவிடுகிறது, அது அனுப்புவதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியிலோ அங்கே போகும் பாதையிலோ சிக்கல். குறைப்பிரசவம், பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்தது, பிறந்ததும் சர்க்கரை ரொம்ப இறங்கியது, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. ஆனால் ‘நார்மல்’ என்றதோடு விடாதீர்கள். கண்ணாடி பவர் பார்த்தார்களா, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்று கேளுங்கள், இவர்களில் பலருக்கு அதிலும் குறை இருக்கும்.

கேள்வி: மகள் காலையில் பந்தைப் பார்க்கிறாள், மாலையில் அதே பந்தைக் கண்டுகொள்வதில்லை. அடமா?

பதில்: அடமே இல்லை. பார்ப்பது அவளுக்குப் பெரிய வேலை. தூக்கம், பசி, வலிப்பு, பக்கத்தில் ஓடும் டிவி, எது வந்தாலும் அந்த வேலை நின்றுவிடும். டிவியை அணைத்துவிட்டு, பந்தை லேசாக அசைத்துக் காட்டி, பேசாமல் காத்திருங்கள். நாம் என்ன செய்கிறோம், இரண்டு நொடியில் “இங்கே பாரு, பாரு” என்று ஆரம்பித்து, அவள் திரும்பப் போகிற நேரத்தில் கவனத்தைக் காது பக்கம் இழுத்துவிடுகிறோம். அப்புறம், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறாளா? பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறாள், அவள் முகத்தைப் பிடித்துப் பந்தின் பக்கம் திருப்பாதீர்கள்.

கேள்வி: கலர் பொம்மைகள் நிறைய வாங்கிவிட்டோம்.

பதில்: ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். ஒரே நிறம், பின்னால் வெறும் கறுப்புத் துணி. சிவப்போ மஞ்சளோ, எதற்குத் திரும்புகிறாளோ அது.

கேள்வி: மகனுக்கு 7 வயது, குறைப்பிரசவம். பார்வை 6/6. ஆனால் படி இறங்கத் தடுமாறுகிறான், கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதுவும் சி.வி.ஐ.யா?

பதில்: இருக்கலாம். தனித்தனி எழுத்தை வாசிக்கிற சோதனையில் இது சிக்காது. பார்வைப்புலத்தை, அதாவது நேராகப் பார்க்கும்போது மேலே, கீழே, பக்கங்களில் எவ்வளவு தெரிகிறது என்பதைச் சோதிக்கச் சொல்லுங்கள், கீழ்ப்பக்கம் தெரியாததால் படி தப்பலாம். கூட்டத்தில் கையை ஆட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிய அட்டையை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சரியாகிவிடுமா? மருந்து இருக்கிறதா?

பதில்: பலருக்கு முன்னேற்றம் வருகிறது, எவ்வளவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, உறுதி கொடுத்துப் பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள். இதற்கென்று மருந்தும் கிடையாது. வலிப்பு இருந்தால் அதைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய உதவி. வந்த பார்வை திடீரென்று குறைந்தால், அதுவும் தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தை என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.