செம்புங்கனில் விடியும்போது (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

இரண்டு வருடமாகச் சுரபாயாவில் வேலை. போன ஆகஸ்டில் நண்பர்களோடு மத்திய ஜாவாவின் டியெங் மலைக்குப் போனேன். செம்புங்கன் என்ற ஊரில் ஒரு இரவு தங்கி, விடிவதற்குமுன் சிகுனிர் குன்றில் ஏறிச் சூரிய உதயம் பார்த்தோம். ஜாவாவிலேயே உயரமான கிராமம் இதுதானாம். இறங்கி வரும்போது வழியெல்லாம் புல்லின் மேல் வெண்பனி, வைரம் தூவியது போல. அந்த மக்களின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் வழிகாட்டி ‘நிரிமோ’ என்று ஒரு சொல் சொன்னார். கிடைத்ததை மனநிறைவோடு ஏற்றுக்கொள்வது என்று பொருளாம்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்காக அந்த ஊரைப் பற்றி நான்கு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன், சில படங்களும் உண்டு. ஒரு கிராமத்தைப் பற்றி எழுதும்போது என்னென்ன இருக்க வேண்டும்? இதை அச்சில் போடலாமா? டியெங் கோயில்களைக் கட்டியது பல்லவர்கள்தானே? இன்னொன்று, வீட்டுக்கு வீடு தங்கும் அறை, குன்றில் ஏறக் கட்டணம் என்று எல்லாம் வியாபாரமாகிவிட்டது வருத்தமாக இருந்தது.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜையில் அப்பாவின் பழைய கணக்கு நோட்டு திறந்தபடி கிடந்தது. தங்கை அனுப்பியிருந்தாள். அப்பா கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர். விதைக்கிழங்கு இத்தனை மூட்டை, எரு இத்தனை வண்டி, எந்தத் தேதியில் பனி கருக்கியது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாரமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது செம்புங்கன் என்ற பெயரை உங்கள் கடிதத்தில் பார்த்ததும் திடுக்கென்றது. பல வருடங்களுக்கு முன்னால், மண் ஆராய்ச்சிக்குப் போன தோழி ஒருத்தியோடு அதே ஊரில் பதினோரு நாள் இருந்திருக்கிறேன். அதுவும் ஆகஸ்ட்தான்.

கோயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பல்லவர்கள் கட்டினார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அங்கே வேரூன்றியது, சிவன் அங்கே போனார், அதுவரை சரி. அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டின் காலம் கி.பி. 809. கட்டியவர்கள் ஜாவா மக்கள். அங்குள்ள கோயில்களுக்கு இருக்கிற அர்ஜுனா, ஸ்ரீகண்டி, செமார் என்ற பெயர்களெல்லாம் வெகுகாலம் கழித்து ஊர்க்காரர்கள் தங்கள் நிழற்கூத்திலிருந்து எடுத்து வைத்தவை. நம் பாரதத்தில் செமாரைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். தொந்தியும் தொளதொளத்த உடம்புமாக அர்ஜுனனுக்கு ஊழியம் செய்கிற தெய்வம் அவர். அவரை உண்டாக்கியது ஜாவாதான். நான்கு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் பல்லவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த வைரத்துக்கு வருகிறேன்.

அதற்கு அந்த ஊரில் ‘எம்புன் உபாஸ்’ என்று பெயர். எம்புன் என்றால் பனி. உபாஸ் என்றால் விஷம். ஒரு இரவு அந்த ஊரில் தங்கியிருக்கிறீர்கள், தம்பி. காலையில் பார்த்ததற்கு என்ன பெயர் என்று வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். உங்கள் கட்டுரையின் மூன்றாம் பக்கம் முழுவதும் அந்தப் பனியைப் பற்றித்தான், அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படிக்கும்போது கோபம் வந்தது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டில் ராத்திரி எல்லோரும் அடுப்படியில்தான் உட்கார்வோம். அந்த ஊர் 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் தாங்காமல் விருந்தாளியைக்கூடச் சமையலறைக்குள் அழைத்துக் கரி அடுப்புப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். தேநீரும், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வரும். வீட்டுக்காரப் பெண்மணியை நான் ‘இபு’ என்று கூப்பிடுவேன், அம்மா என்று அர்த்தம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மேகமே இல்லை, காற்றும் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். நான் ‘எவ்வளவு அழகு’ என்று சொன்னேன். இபு பதில் சொல்லவில்லை. அவர் கணவர் வெளியே போய் மோட்டார் சைக்கிள் இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினார்கள்.

ஏரியிலிருந்து டீசல் மோட்டார் வைத்து, மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் குழாய் இழுத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரால் உருளைக்கிழங்கு இலைகளில் உறைந்த பனியைக் கழுவ வேண்டும், சூரியன் வருவதற்குள். இலையில் பனி இருக்கும்போது வெயில் பட்டால் செடி போயிற்று. நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பத்து நிமிடத்தில் என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே சிகுனிர் குன்றில் விளக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. நூறு இருநூறு டார்ச் இருக்கும். சூரியன் வர வேண்டும் என்று அங்கே அத்தனை பேர் ஏறுகிறார்கள். இபு கிழக்கே பார்த்துப் பார்த்து ஹோஸை வேகமாக நகர்த்துகிறார். மூன்று பாத்தி மிச்சம் இருக்கும்போது மேலே குன்றிலிருந்து ‘ஓ’வென்று சத்தம் வந்தது. விடிந்துவிட்டது.

கழுவாத மூன்று பாத்தியும் மதியத்துக்குள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. மறுநாள் கருப்பு.

அப்பாவின் நோட்டில் ஒரு ஜனவரிப் பக்கத்தில் ‘பனி – கீழ்க்காடு முழுதும்’ என்று மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு பதினெட்டு நாள் எதுவும் எழுதவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத நாட்கள் என்று மட்டும் ஞாபகம்.

அதனால் நிரிமோவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை இபுவும் சொன்னார், அந்த மூன்று பாத்தியைப் பார்த்துக்கொண்டே. அன்று சாயங்காலம் அதே இபு விதைக்கிழங்கைக் கடனுக்குப் பேசி முடித்திருந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்து, அதற்கு மேல் கைக்கு எட்டாததை ஏற்றுக்கொள்வதற்குத்தான் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நீங்களோ அதை ஆசையில்லாத மக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2011-ல் இறக்குமதிக் கிழங்கு வந்து விலை விழுந்தபோது டியெங் விவசாயிகள் ஜகார்த்தாவரை போய்ப் போராடியவர்கள். 1980களில் கிழங்கு வருவதற்கு முன்னால் அந்த மலையில் புகையிலையும் மக்காச்சோளமும். மக்காச்சோளத்தை இடித்துச் சோறாக்கிச் சாப்பிட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கிழங்குக் காசில்தான் மரவீடுகள் செங்கல் வீடுகளாயின, மெக்கா போய் வந்தார்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். ஆசை இல்லாமலா இதெல்லாம் நடந்தது?

சரி, அப்புறம் மண். கடிதத்திலும் கட்டுரையிலும் இல்லாமல் போன விஷயம் இதுதான். உங்கள் ஆறாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரிவில் கிழங்கு நட்ட பார்கள், அதாவது மண் அணைத்த வரிசைகள், எந்தத் திசையில் ஓடுகின்றன? மேலிருந்து கீழ்நோக்கி, சீப்பால் வாரிய மாதிரி. மலையில் சரிவுக்குக் குறுக்கே பார் போட வேண்டும், அப்போதுதான் மழைநீர் மண்ணை அரிக்காது என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அங்கே தலைகீழாக இருக்கிறது. இதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும், ‘பாவம், விவரம் தெரியாத ஜனங்கள்’ என்கிறார்கள்.

நாங்கள் இருந்தபோது ஊர்க்கூட்டத்தில் ஒரு அதிகாரி வந்து இதையே ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லோரும் ‘ங்கி, ங்கி’ என்று தலையாட்டினார்கள். மரியாதையான ஜாவாப் பேச்சில் ஆமாம் என்று பொருள். கடைசியில் ஒரு பெரியவர், மிகப் பணிவாக, ‘குறுக்கே போட்டுத் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகினால் விதைக்கடனை யார் கட்டுவது?’ என்று கேட்டார். அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தோழி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் குரல் நடுங்கியது.

பெரியவர் கேட்டதில் தவறே இல்லை. அங்கே பெய்கிற மழைக்குச் சாலில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுவிடாது, கிழங்கு அழுகும், ஈரத்தில் இலைக்கருகல் நோய் ஒரே வாரத்தில் காட்டைத் தின்றுவிடும். தண்ணீர் இறங்கி ஓடத்தான் வேண்டும். ஓடும்போது அந்தக் கறுத்த எரிமலை மண்ணையும் எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அங்கே ஊற்றெடுக்கும் செராயு ஆற்றில் இறங்கி, பஞ்சார்நெகாராவில் 1980களின் கடைசியில் முடித்த ம்ரிச்சா அணையில் போய்ப் படிகிறது. மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, வருடா வருடம் சேறு ஏறிக்கொண்டிருக்கிறது. மேல்மண் போன காட்டுக்கு இன்னும் அதிகக் கோழி எரு வேண்டும். லாரி லாரியாக மூட்டைகள் வந்து ரோட்டோரம் அடுக்கியிருக்குமே, அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி முகம் சுளித்து எழுதியிருக்கிறீர்கள். எருவுக்குக் கடன், மருந்துக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க மறுபடியும் கிழங்கு. ஒரு வருடம் நிலத்தை ஆறப்போட்டால் மண் பிழைக்கும், குடும்பம் அந்த வருடம் எதைத் தின்னும்?

இரண்டும் உண்மை. பெரியவர் சொன்னதும் உண்மை, மண் போவதும் உண்மை. அந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தாக வேண்டும். அப்பாவின் நோட்டில் ஒரு பக்கத்தில் ‘குறுக்குப் பார் – 11 மூட்டை அழுகல்’ என்று இருக்கிறது. அவரும் யாரோ ஓர் அதிகாரியின் பேச்சைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இவ்வளவு வருடம் கழித்து அந்த வரியைப் படித்தபோது எனக்குச் செம்புங்கன் பெரியவரின் முகம்தான் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகிரிக் கிழங்குக் காடுகளில் 1961-ல் கண்டுபிடித்த, கிழங்குச் செடியின் வேரைத் தின்னும் அதே நூற்புழுவை 2003-ல் ஜாவாவிலும் கண்டுபிடித்தார்கள், டியெங்கிலும் அது இருக்கிறது. கிழங்கும் புழுவும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தவை. நமக்கும் அந்த ஊருக்கும் உறவு தேட வேண்டுமென்றால் பல்லவர்களைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

சடைமுடிக் குழந்தையின் படம் ஒன்று அனுப்பியிருக்கிறீர்கள். அதை மலரில் போடக்கூடாது. பெற்றோரிடம் கேட்டு எடுத்த மாதிரி தெரியவில்லை, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் வந்து, அதன்பின் முடி தானாகத் திரித்துக்கொள்ளும் என்று அங்கே நம்புகிறார்கள். குழந்தையே ‘வெட்டிக்கொள்கிறேன்’ என்று சொல்லும்வரை வெட்ட மாட்டார்கள். அப்போது அது என்ன கேட்டாலும் வாங்கித் தர வேண்டும், ஆடோ, சைக்கிளோ, ஒரு பொட்டலம் மிட்டாயோ. வெட்டிய முடியை நீரில் விடுவார்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெண் குழந்தை இருந்தது. என்ன கேட்கப் போகிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லும்.

வியாபாரமாகிவிட்டதே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கிழங்கு போன வருடத்தில் ஒரு அறையை வாடகைக்கு விட்டு, கரிக்கா என்ற மலைப் பப்பாளிப் பழத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு விற்று அடுப்பெரிக்கிறார்கள். கரிக்கா மரத்தை வரப்பில் வைத்தால் வேர் மண்ணையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். அடுத்த தடவை நான்கு டப்பா கூடுதலாக வாங்குங்கள், பேரம் பேசாமல்.

கட்டுரையை அச்சில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குக் கண் இருக்கிறது, மொழியும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருக்கிறேன். சுரபாயாவிலிருந்து போய்வர முடியாத தூரமில்லை. மழைக்காலத்தில் போங்கள், ஜனவரியில், சுற்றுலாக் கூட்டம் குறைவாக இருக்கும்போது. நான்கு நாள் இருங்கள். அடுப்படியில் உட்காருங்கள். விதை என்ன விலை, போன தடவை எத்தனை கிலோ எடுத்தீர்கள், காட்டு வாசலில் யார் வந்து எடை போட்டது என்று கேளுங்கள், கூச்சப்படாமல் சொல்வார்கள். இபு என்னிடம் முதல் நாளே, ‘உங்கள் ஊரில் ஒரு கிலோ விதைக்கு எத்தனை கிலோ எடுப்பீர்கள்?’ என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த வாரம்தான் நோட்டில் பார்த்தேன், நல்ல வருடத்தில் எட்டு.

ஏரியின் பெயரைக் ‘கோபோங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது செபோங். தலைப்பிரட்டை என்று பொருள், மேலிருந்து பார்த்தால் அந்த வடிவம். மண் இறங்கி இறங்கி ஏரி சிறுத்துக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் போகும்போது வால் பக்கம் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா